பிக்கப்பில் பிரேக் லைட் அணைய மாட்டேங்குது: சுவிட்சை நாமே மாத்தலாமா?

லோடுவண்டி_ஈரோடு கேட்டது:

வணக்கம். வண்டி 2018 மாடல் டீசல் பிக்கப், பி.எஸ்.4, காமன் ரெயில் இன்ஜின், 12 வோல்ட். பெடலை விட்ட பிறகும் பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. எப்பவும் இல்லை, பத்துக்கு ஆறு தடவை. சாவியை எடுத்தாலும் எரியுது. கால் நுனியால பெடலை அடியிலிருந்து லேசா மேலே தூக்கினா அணைஞ்சிடுது. ரெண்டு நாள் காலைல செல்ஃப் அடிக்கல. லோடோட மேடு ஏறும்போது திடீர்னு இழுவை குறையுது, செக் இன்ஜின் லைட்டும் வந்துட்டுப் போகுது. இது வேற கம்ப்ளெய்ண்டா, இதோட சம்பந்தப்பட்டதா தெரியல.

பாடி கட்டினப்போ பின்னால நாலு பிரேக் லைட் கூடுதலா போட்டிருக்கு, எல்லாம் சாதா 21 வாட்ஸ் பல்பு. எஃப்.சி. (தகுதிச் சான்று) வருது. சுவிட்ச் வாங்கி நானே மாத்திடலாமா? ஸ்பேனர் செட், மல்டிமீட்டர் கையில் இருக்கு.

டெஸ்ட்_லேம்ப்:

தாராளமா மாத்தலாம், அரை மணி நேர வேலை. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க.

பெடல் சும்மா இருக்கும்போது சுவிட்சோட பிளஞ்சர், அதாவது முனையில நீட்டியிருக்கிற குச்சி, உள்ளே அமுங்கியிருக்கும், லைட் காண்டாக்ட் பிரிஞ்சிருக்கும். பெடலை மிதிச்சா பெடல் விலகிப் போகும், ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளும், காண்டாக்ட் சேரும், லைட் எரியும். பெடலைத் தூக்கினா உங்க லைட் அணையுது. அப்போ சுவிட்ச் உள்ளே ஒழுங்கா வேலை செய்யுது, பிளஞ்சரை முழுசா அமுக்கத்தான் ஆள் இல்லை. காண்டாக்ட் ஒட்டிப் போயிருந்தா நீங்க எவ்வளவு தூக்கினாலும் அணையாது.

முதல் சந்தேகம் பெடல் மேலே இருக்கிற பொட்டு ரப்பர். பிளஞ்சர் முட்டுற இடத்துல பெடல் தகட்டுல ஒரு ஓட்டை இருக்கும், அதுல நாணயத்தை விடச் சின்னதா ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒண்ணு செருகியிருக்கும். வெயில்ல காய்ஞ்சு, நாலஞ்சு வருஷத்துல பிஸ்கட் மாதிரி பொடிஞ்சு விழுந்துடும். மிதியடியைத் தூக்கிப் பாருங்க, மஞ்சளாவோ கறுப்பாவோ துணுக்கு கிடந்தா அதேதான். ரப்பர் போயிட்டா பிளஞ்சர் ஓட்டைக்குள்ளேயே நுழைஞ்சு நிக்கும். அந்த நிலைமையில புது சுவிட்ச் போட்டாலும் லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டா ரப்பர் தனியாவே கிடைக்கும், விலை சுவிட்சுல சின்னப் பங்குதான். வழியில விழுந்துட்டா அந்த ஓட்டையில 6 மி.மீ. போல்ட், வாஷர், நட் போட்டு முடுக்கி வீடு வந்து சேரலாம். அப்படியே விட்டுடாதீங்க, இரும்புத் தலை பிளஞ்சரைத் தேய்ச்சுடும்.

அடுத்தது, சுவிட்சோட லாக் நட் லூஸாகி சுவிட்ச் பின்னால நகர்ந்திருக்கலாம். கையால ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

இப்போ கப்ளரை, அதாவது சுவிட்சுல ஒயர் வந்து மாட்டுற பிளக்கை, கழட்டுங்க. லைட் அணைஞ்சா குறை சுவிட்ச், ரப்பர், பெடல் இதுக்குள்ளதான். கழட்டியும் எரிஞ்சா சுவிட்சை மறந்துடுங்க, பின்னால ஒயர்ல எங்கேயோ லைன் கரண்ட் ஏறுது. பாடிக்கு ஒயர் இழுத்த இடத்துல தேடணும்.

இழுவை குறையறதும் இதே கம்ப்ளெய்ண்டா இருக்க நிறைய வாய்ப்பு. உங்க சுவிட்ச் நாலு பின்னா இருக்கணும். ரெண்டு பின் லைட்டுக்கு, மத்த ரெண்டு இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு. ஒரு ஜோடி சேரும்போது இன்னொரு ஜோடி பிரியும், ரெண்டும் சேர்ந்து மாறுதான்னு இ.சி.யு. பார்த்துக்கிட்டே இருக்கும். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்துல மிதிபட்டிருக்குன்னு அதுக்குத் தோணினா டீசலைக் குறைச்சுடும். ரெண்டு சிக்னலும் ஒத்துப் போகலைன்னா ஸ்கேனர்ல பி 0504-ங்கிற எர்ரர் கோடு வரும். லைட் பக்க சர்க்யூட் மட்டும் தப்புன்னா பி 0571.

மீட்டர்ல பார்க்க, சுவிட்சைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு கன்டினியூட்டியில போடுங்க. பிளஞ்சர் அமுங்கியிருக்கும்போது ஒரு ஜோடி சத்தம் கொடுக்கணும், இன்னொண்ணு கொடுக்கக் கூடாது. விட்டதும் தலைகீழா மாறணும். இருபது முப்பது தடவை மெதுவா அமுக்கி விட்டுப் பாருங்க. நடுவுல ஒரு தடவை தவறினாலும் சுவிட்ச் போச்சு.

பத்துநம்பர்_ஸ்பேனர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. மாற்றும் முறையை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு நடப்பது அதில்தான்.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். சாவியை எடுத்துவிட்டு 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். லைட் சர்க்யூட்டுக்குச் சாவி இல்லாமலும் கரண்ட் வரும் என்பதால் இதை விடக் கூடாது. கப்ளரின் லாக்கை அமுக்கி நேராக இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். கப்ளர் பின்கள் பச்சை பிடித்திருந்தால் அல்லது பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

சுவிட்ச் இரண்டு விதம். உடம்பு முழுக்க மரை இருந்து நட் போட்டிருந்தால் நட்டை லூஸ் செய்து திருகிக் கழற்றலாம். கழற்றும் முன் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்னொரு விதம் பிளாஸ்டிக் உடம்பு, கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். இந்த இரண்டாவதில் பெரும்பாலும் பிளஞ்சர் தானாகவே அளவை எடுத்துக்கொள்ளும். பெடலைக் கையால் முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைச் செருகித் திருப்பிப் பூட்டி, பிறகு பெடலை மெல்ல விட வேண்டும். அப்போது பிளஞ்சர் டிக் டிக்கென்று உள்ளே போய் அளவு பிடிக்கும். சில சுவிட்சுகளில் இந்த அளவு ஒரே முறைதான் எடுக்கும். கடையில் வாங்கியதும் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று கையால் பிளஞ்சரை அமுக்கிப் பார்த்தால் அந்த வாய்ப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

மரை சுவிட்சுக்கு வருவோம். பிளஞ்சர் முழுக்க உள்ளே போய், மரை முனை பொட்டு ரப்பரை லேசாகத் தொடும் வரை கையால் மட்டும் திருகுங்கள். அங்கிருந்து அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று வரை பின்னால் எடுங்கள். மரை 1.25 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) என்றால் இது 0.6 முதல் 0.9 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இருந்தால் நேராகவே அளக்கலாம், உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். பிறகு சுவிட்ச் திரும்பாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முடுக்குங்கள். மிதமான முடுக்கு போதும். கப்ளரைக் கடைசியில் மாட்டுங்கள், முன்பே மாட்டித் திருகினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும்.

லைட் சீக்கிரம் அணையட்டும் என்று சுவிட்சை ஒரு சுற்று அதிகமாக உள்ளே திருகுகிறவர்கள் நிறையப் பேர். அது எரியாத லைட்டை விட மோசம். சுவிட்ச் பெடலை ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது. சிலிண்டரிலிருந்து ஆயில் டேங்குக்குத் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே கிடக்கும். ஓட்டத்தில் ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானாகவே பிடிக்கும். பிடித்தால் இன்னும் சூடு. முதலில் மைலேஜ் குறையும், பிறகு பெடல் கல்லாகும், கடைசியில் சக்கரம் இறுகி நின்றுவிடும்.

அதனால் மாற்றிய பிறகு இன்ஜினை நிறுத்தி நான்கைந்து முறை பெடலை அமுக்கி பூஸ்டர் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். பெடலை விரலால் அமுக்கினால், கனம் தட்டுவதற்கு முன் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் துளியும் இல்லையென்றால் சுவிட்ச் பெடலைத் தள்ளுகிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் சுற்ற வேண்டும், சூட்டில்தான் இந்தக் குறை தெரியும். சக்கரம் இறுக்கமாக இருந்தால் சுவிட்ச் நட்டை லூஸ் செய்து பாருங்கள். உடனே விட்டுவிட்டால் அட்ஜஸ்ட்மென்ட்தான் காரணம். விடாவிட்டால் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிபரையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும்.

லோடுவண்டி_ஈரோடு:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. பார்த்துட்டேன். நாலு பின், மரை சுவிட்ச். கப்ளரைக் கழட்டினதும் லைட் அணைஞ்சிடுச்சு. பொட்டு ரப்பர் பாதிதான் இருக்கு, மீதி மிதியடிக்கு அடியில. மீட்டர்ல லைட் ஜோடி மட்டும் நடுநடுவே தவறுது. லைட் பக்கத்து ரெண்டு பின்னும் கறுத்துப் போயிருக்கு, மத்த ரெண்டும் பளபளன்னு இருக்கு. ஃபியூஸ் பாக்ஸ்ல பிரேக் லைட் இடத்துல 20 ஆம்பியர் போட்டிருக்கு, மூடியில 10-னு அச்சடிச்சிருக்கு. இது யார் பார்த்த வேலைன்னு தெரியல. ரப்பரும் சுவிட்சும் மாத்தினா போதுமா?

தார்ப்பாய்:

போதாது. சுவிட்ச் ஏன் கறுத்துச்சுன்னு கணக்குப் போட்டா தெரியும். கம்பெனி கொடுத்தது ரெண்டு 21 வாட்ஸ் பல்பு, மொத்தம் 42 வாட்ஸ், மூன்றரை ஆம்பியர். பாடிக்காரர் அதே லைன்ல இன்னும் நாலு போட்டதும் 126 வாட்ஸ், பத்தரை ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கல, அதனால யாரோ 20 போட்டிருக்காங்க. ஃபியூஸ் தாங்கிடுச்சு, அதோட வேலையைச் சுவிட்ச் செய்ய ஆரம்பிச்சிடுச்சு. ஒவ்வொரு தடவை பிரேக் விடும்போதும் உள்ளே பொறி அடிச்சு காண்டாக்ட் தேய்ஞ்சிருக்கு. இதே ஒயரிங்ல புதுசு போட்டாலும் சீக்கிரமே இதே நிலைமைக்கு வந்துடும். ராத்திரி எரிஞ்சுக்கிட்டு இருந்தா 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஏழு மணி நேரத்துல காலி, காலைல செல்ஃப் எப்படி அடிக்கும்?

செய்ய வேண்டியது: கம்பெனி லைட் ரெண்டையும் அப்படியே சுவிட்ச்லயே விடுங்க. பாடி லைட் நாலை மட்டும் பிரிச்சு ரிலேயில போடுங்க, அதாவது சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்ல. 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே. இனி சொல்றது ரிலே கால்ல இருக்கிற நம்பர்: 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி ஒயர், 1.5 சதுர மி.மீ.க்குக் குறையாம, பேட்டரி பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃபியூஸோட. 87-லிருந்து பாடி லைட்டுக்கு. 86-க்கு கம்பெனி பிரேக் லைட் ஒயர்ல ஒரு டேப்பிங், அதாவது சுவிட்சைத் தாண்டி லைட்டுக்குப் போற ஒயர். 85 சேஸிஸ் எர்த். ரிலே காயில் இழுக்கிறது ஆம்பியர்ல ஆறுல ஒரு பங்குதான், சுவிட்சுக்கு அது ஒண்ணுமே இல்லை. உள்ளே டயோடு வெச்ச ரிலேன்னா 86 பாசிட்டிவ், 85 எர்த், மாத்திக் கொடுத்தா டயோடு போயிடும். ரிலே கெட்டாலும் கம்பெனி லைட் ரெண்டு எரியும், அதுக்குத்தான் எல்லாத்தையும் ரிலேயில போட வேண்டாம்னு சொல்றேன்.

இ.சி.யு. போற ஜோடியில எதையும் சேர்க்காதீங்க, டெஸ்ட் லேம்ப்கூட வைக்க வேண்டாம், மீட்டர் மட்டும்.

பாடி லைட்டை எல்.இ.டி.யா மாத்தினா கரண்ட் வெகுவா குறையும், அதுவும் நல்ல வழிதான். ஆனா கடையில கிடைக்கிற மலிவு செட்ல ஒரு மழைக்கே தண்ணி இறங்கிடும், பார்த்து வாங்குங்க.

இன்னொண்ணு, எர்த். பாடி லைட்டுக்கு எர்த்தை பாடி ஆணியிலேயே கட்டியிருந்தா சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி முடுக்குங்க. பிரேக் மிதிச்சா பார்க் லைட்டோ இண்டிகேட்டரோ மங்கலா எரிஞ்சா அது எர்த் கோளாறு, சுவிட்ச் மேல பழி போடாதீங்க. கம்பெனி லைட்ல 21/5 டபுள் காண்டாக்ட் பல்பு இருந்தா அதுக்குப் பக்கக் குமிழ் ரெண்டும் ஒரே உயரத்துல இருக்காது. சிங்கிள் காண்டாக்ட் பல்பை அழுத்தித் திணிச்சிருந்தா ரெண்டு லைனும் ஒட்டிக்கும்.

டெஸ்ட்_லேம்ப்:

ரிலே யோசனை சரி. சுவிட்ச் மாத்தினதும் கப்ளரையும் ஒரு தடவை சோதிச்சிடுங்க. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வெச்சு, லைட் ஜோடியோட ரெண்டு ஒயரிலும் கப்ளருக்குப் பின்பக்கமா முனையைச் செருகி, பெடலை மிதிச்சுப் பிடிங்க. புது சுவிட்ச்ல 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அரை வோல்ட்டைத் தாண்டினா கறுத்துப் போன கப்ளர் பின்தான் காரணம், டெர்மினல் மாத்துங்க. சுவிட்ச்ல ஸ்பிரே ஆயில் அடிக்கிற பழக்கம் வேண்டாம், ஒட்டின தூசி பிளஞ்சரை இறுக்கிடும்.

சுவிட்ச் வாங்கும்போது பழசையும் கொண்டு போங்க. மரையும் நீளமும் ஒத்திருந்தா மட்டும் போதாது. எந்த ஜோடி சேருது, எந்த ஜோடி பிரியுதுன்னு பழசோட புதுசையும் கடையிலேயே மீட்டர்ல ஒப்பிடுங்க. ஜோடி மாறின சுவிட்ச் போட்டா லைட் தலைகீழா எரியும், பி 0504-உம் போகாது. மரை சுவிட்சைக் கையால அமுக்கிப் பார்க்கலாம், தானா அளவெடுக்கிற வகைதான் ஆகாது.

லோடுவண்டி_ஈரோடு:

சரிண்ணே, ஞாயித்துக்கிழமை பிரிக்கிறேன். கூட ஆள் இல்லை, லைட் எரியுதான்னு தனியா எப்படிப் பார்க்கிறது? செக் இன்ஜின் லைட் தானா அணையுமா?

பத்துநம்பர்_ஸ்பேனர்:

வண்டியின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி, மாலை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியில் சிவப்பு தெரியும். ஆறும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பெடலை விரலால் மிக மெதுவாக அமுக்கினால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே லைட் வந்துவிட வேண்டும். விட்டதும் தூக்கிவிடாமலே அணைய வேண்டும்.

குறை சரியானால் செக் லைட் சில ஸ்டார்ட் - ஓட்டங்களுக்குப் பிறகு பொதுவாக அணைந்துவிடும், எர்ரர் கோடு மட்டும் கொஞ்ச நாள் மெமரியில் இருக்கும். எஃப்.சி.க்குப் போகும் முன் ஸ்கேனரில் அழித்துவிட்டு, லோடோடு ஒரு மேடு ஏறிப் பாருங்கள். திரும்ப வந்தால் இ.சி.யு. ஜோடியின் ஒயரை கப்ளரிலிருந்து தேட வேண்டும்.