கேசுவல் கேம் = சிற்றாட்டம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் நாங்கள் நாலைந்து பேர் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தை வைத்துக் கைப்பேசி விளையாட்டு ஒன்று செய்து பார்க்கிறோம். உரிமை வாங்காமல் வெளியிட முடியாது, இப்போதைக்குக் கைப்பழக்கத்துக்குத்தான். திரையில் வரும் எழுத்தெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். முகப்பிலேயே முட்டிக்கொண்டது: கேசுவல் கேம், அதாவது கிடைத்த நேரத்தில் சட்டென்று எடுத்து ஆடிவிட்டு வைக்கும் விளையாட்டு, என்பதற்குத் தமிழில் என்ன போடுவது?

இழையில் இதுவரை வந்தவை:

> சாதாரண விளையாட்டு / எளிய விளையாட்டு / சிறுபொழுது ஆட்டம்

‘சாதாரண’ வேண்டாம், நம் சரக்கை நாமே மட்டம் தட்டுவதாகும். ‘எளிய’ என்பதும் பொருந்தாது. குழாய்களுக்கு நடுவே பறவையைப் பறக்கவிடும், 2013இல் வந்த ஃபிளாப்பி பேர்டை ஒரே தட்டலில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் பத்துக் குழாயைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். தொண்டி நண்பர் சொன்ன ‘சிறுபொழுது’ அழகுதான். ஆனால் மாலை, யாமம், வைகறை என்று தொல்காப்பியம் வகுத்த நாளின் ஆறு பொழுதுகளும் உடனே நினைவுக்கு வரும். கடற்கரை நிலமான நெய்தலுக்கு எற்பாடு என்பதால் சாயங்காலம் மட்டும்தான் ஆடலாமா என்று தமிழாசிரியர் யாராவது கேட்பார்.

ஆடுகிறவர்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்குப் பிறகு, விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். அப்போது படகு நிழலில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் எங்கள் விளையாட்டைக் கொடுத்தோம். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலக்கையில் ஊசி, இடக்கைப் பெருவிரலில் ஆட்டம். நூல் தீர்ந்தால் கொஞ்சம் ஆடுவார்; புது நூல் வந்ததும் போன் மடிக்குப் போய்விடும். விட்ட இடத்தை அவர் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை, வைத்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

இதனால்தான் படத்தின் கதையை நாங்கள் தொடவில்லை. கமல் நடிக்கும் நாலு பேருக்கும் ஒரே முகம்; இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறவருக்கு யார் யாரென்று எப்படித் தெரியும்? கிரேசி மோகன் வசனமும் உதவாது. படத்தில் நூறு முறை கேட்டாலும் சிரிப்போம், ஆனால் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அதே வரி காதில் விழுந்தால் எரிச்சல்தான் வரும். நிலைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மலை விளிம்பில் சாயும் அந்த வீடு: போனைச் சாய்த்துச் சாய்த்து ஆட்களை நகர்த்தி வீட்டை நிறுத்த வேண்டும். அப்புறம் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் விழுந்த மீன்: வாளி இலைக்கு வருமுன் அதை எடுத்துவிட வேண்டும். (எங்கள் ஊரில் சாம்பாரில் மீன் கிடந்தால் யாரும் பதறமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

ஆக, கதை அல்ல, காட்சி. அமர்ந்து ஆடுவதல்ல, இடையில் ஆடுவது. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே சாப்பிடுவதைச் சிற்றுண்டி என்கிறோமே, அந்த வழியில் சிற்றாட்டம். பொத்தானிலும் அடங்கும். முழுநீளக் கதையோடு வருவதைப் ‘பேராட்டம்’ எனலாம்.

---

> சிற்றாட்டம் என்றால் மினி கேம் ஆகிவிடாதா? டெட்ரிஸை நாள் முழுக்க ஆடுகிறவர்கள் இருக்கிறார்களே, அது எப்படிச் சிறிது? – தங்கச்சிமடத்திலிருந்து

மினி கேம் என்பது பெரிய விளையாட்டுக்குள்ளே வருவது. அதற்கு ‘உள்ளாட்டம்’ போதும். டெட்ரிஸ் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘சிறு’ என்பது ஒரு தடவை ஆடும் நேரத்தைத்தான் குறிக்கிறது. சிற்றுண்டியையும் வயிறு முட்டத் தின்கிறவர்கள் உண்டு, பெயரை யாரும் மாற்றவில்லை.

படத்தை வைத்து விளையாட்டுச் செய்வதற்கு (அடாப்டேஷன்) நான் சொன்ன ‘படத்தழுவல்’ என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை, அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். சிற்றாட்டத்துக்கு மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மாற்றுச் சொல் தருகிறவர்கள் அதைப் பன்மையிலும் ‘-இல்’ உருபு சேர்த்தும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.