கலைச்சொல் உதவி: அம்போட 'எஃப்ஓசி'க்கு என்ன சொல்லலாம்?

வணக்கம்,

அமெரிக்காவுல மரபு வில்லால வெள்ளைவால் மான் வேட்டையாடுறவங்க அம்போட எடையை எப்படி முடிவு பண்றாங்கன்னு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். சொல்லுலதான் இடிக்குது. 'டிரா வெயிட்'டை 'இழு எடை'ன்னு போட்டேன், படிச்ச நண்பர் 45 பவுண்டு வில்லை எப்படிய்யா தூக்குவாங்கன்னு கேட்டுட்டார். அம்போட எடை சமமா நிக்கற இடம் நடுவைவிட எவ்வளவு முன்னாடி இருக்குன்னு சொல்ற 'எஃப்ஓசி'க்கு (ஃபிரண்ட் ஆஃப் சென்டர்) 'முன்மைய விலகல் சதவீதம்'னு வச்சிருக்கேன், எனக்கே வாய்ல வரலை. அம்பை நிறுக்கற சின்ன எடை அலகு 'கிரெயின்', அதுக்கு நெல்லெடை சரியா வருமா?

---

தம்பி,

எடைன்னு சொன்னதாலதான் அந்தக் குழப்பம், அது நாணை இழுக்கற பலம்தானே, 'இழுவிசை'ன்னு வைங்க. வில்லுல எழுதியிருக்கற 45 பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தா வர்ற கணக்கு, கை குட்டையா இருக்கறவன் 26 அங்குலம்தான் இழுப்பான்னா அவனுக்கு 40 பக்கம்தான் வரும், அவன் அம்பு எடையை அந்த 40-க்குத்தான் பார்க்கணும், இதைக் கட்டுரையில கட்டாயம் சொல்லுங்க.

நெல்லெடை வேண்டாம். நாலு நெல்லெடை ஒரு குன்றிமணின்னு தட்டார் கணக்கு ஏற்கனவே இருக்கு, அதுல ஒரு நெல் கிட்டத்தட்ட அரை கிரெயின்தான் தேறும். கிரெயின்னே விடுங்க, 7000 கிரெயின் ஒரு பவுண்டு. அம்பு எடையை வில்லோட இழுவிசைக்கு ஏத்தாப்புல சொல்ற 'கிரெயின்ஸ் பெர் பவுண்ட்' வெறும் 'இழுவிசையில பவுண்டுக்கு இத்தனை கிரெயின்', அதுக்கு எதுக்குத் தனிச்சொல்?

எஃப்ஓசிக்கு மாட்டுவண்டியில சொல்லு இருக்கே, முன்பாரம்!

---

அண்ணா, முன்பாரம் அருமை, ஆனா ஒரு சந்தேகம். முனையில மாட்டுற இரும்போட எடைதான் முன்பாரம்னு நினைச்சுக்க மாட்டாங்களா? 125 கிரெயின் முனையைக் கழட்டிட்டு 200 போட்டா மொத்த எடையும் ஏறுது, எஃப்ஓசியும் ஏறுது, ரெண்டும் வேற வேற இல்லையா.

---

வண்டியிலயும் மூட்டை எடையை யாரும் முன்பாரம்னு சொல்றதில்லையே தம்பி, அதே பத்து மூட்டைய முன்னாடி தள்ளி ஏத்தினா முன்பாரம், பின்னாடி ஏத்தினா பின்பாரம். அம்பும் அதேதான். 30 அங்குல அம்பை விரல்ல வச்சு நிறுத்துங்க, நாண் மாட்டுற பள்ளத்துலேருந்து 18 அங்குலத்துல நின்னா நடுவைவிட 3 அங்குலம் முன்னாடி, அதை 30-ஆல வகுத்தா 10 சதம். எண்ணா சொல்லணும்னா 'முன்பார வீதம்'னு போடுங்க.

முனையை மட்டும் கனமாக்கினா போதும்னு எழுதிடாதீங்க, விடும்போது தண்டு கூடுதலா வளையும், அதுக்கேத்த விறைப்பான தண்டு வேணும்.

---

சரிண்ணா, மாத்திட்டேன். இப்ப பத்தி இப்படி இருக்கு: "45 பவுண்டு இழுவிசைக்குப் பவுண்டுக்கு 10 கிரெயின்னு வச்சா 450 கிரெயின், அதாவது சுமார் 29 கிராம். இதைவிட ரொம்ப லேசான அம்பு வேகமாப் போகும், ஆனா வில்லோட சக்தியை முழுசா வாங்கிக்காது, மிச்சம் சத்தமாவும் கையில அதிர்வாவும் வரும். கனமான அம்பு மெதுவாப் போனாலும் ஆழமா இறங்கும். 20 கஜத்துக்குள்ள விடுறவங்களுக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை."

இதையும் முன்பாரம் பத்தின பத்தியையும் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், சின்ன வயசுல வண்டி ஓட்டினவரு, அம்பைத் தொட்டதே இல்லை. "அப்ப பின்பாரமா இருந்தா அம்பு வாலாட்டிக்கிட்டே போகுமே"ன்னாரு. அந்த வரி கட்டுரையில இல்லவே இல்லைண்ணா, இப்பதான் சேர்க்கறேன்.