தீபாவளி கொள்முதல்: கோ-ஆர்ட் செட், ஃபர்ஷி, டிஷ்யூ சேலை... எதில் எவ்வளவு போடலாம்?

பட்டுக்கோட்டை_பொட்டிக்

வணக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கம் 350 சதுர அடியில் லேடீஸ் வேர் கடை. காலேஜ் பெண்கள், டீச்சர்கள், பேங்க் ஸ்டாஃப், சுற்றுக் கிராமத்துக் குடும்பங்கள்தான் வாடிக்கை. இந்த வருஷம் (2026) தீபாவளி நவம்பர் 8. கொள்முதலுக்குக் கையில் 5 லட்சம் இருக்கிறது. கடையில் உள்ள பழைய சரக்கு விற்பனை விலைக் கணக்கில் 3.5 லட்சம், பாதிக்கு மேல் லெக்கிங்ஸும் ப்ளெயின் ரேயான் குர்த்தியும்.

கோ-ஆர்ட் செட், ஃபர்ஷி சல்வார், டிஷ்யூ சேலை, அஜ்ரக் என்று ரீல்ஸ் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து கேட்கிறார்கள். இதில் எதற்கு எவ்வளவு போடலாம்? ஜெய்ப்பூர், சூரத்திலிருந்து நேரடியாக எடுப்பதா, ஈரோடு, சென்னை போதுமா? எம் சைஸ் எப்போதும் தேங்கிவிடுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

கணக்கு_நோட்டு

எந்த டிசைன் என்பதற்கு முன்னால் எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பைப் போடுங்க. பெரிய கடைகளில் இதை ஓப்பன் டு பை என்பார்கள். கணக்கு ஒன்றும் சிரமமில்லை: சீசனில் விற்க நினைப்பது, கூட்டல் தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கும் தொகை, கூட்டல் சீசன் முடிந்ததும் கடையில் இருக்க வேண்டிய சரக்கு, கழித்தல் இப்போது இருக்கும் சரக்கு, கழித்தல் ஏற்கெனவே ஆர்டர் போட்டது.

செப்டம்பர் 1 முதல் தீபாவளி வரை 9 லட்சம் விற்பதாக வைத்துக்கொள்ளலாம். தள்ளுபடி 50 ஆயிரம், தீபாவளிக்குப் பிறகு 3 லட்சத்துக்குச் சரக்கு நிற்கணும். 9 + 0.5 + 3 = 12.5. அதில் கையிருப்பு 3.5 போனால் 9 லட்சம். இது ஜி.எஸ்.டி. சேர்க்காத விற்பனை விலையில். 45% மார்ஜின் (விற்பனை விலையில் லாபப் பங்கு) வைத்தால் கொள்முதல் 4.95 லட்சம். உங்க 5 லட்சம் சரியாக உட்காருகிறது, ஆனால் 9 லட்சம் விற்றால்தான். போன வருஷ பில்லை எடுத்துப் பார்த்து 6 லட்சம்தான் விற்றிருந்தால், கொள்முதல் 3.3 லட்சத்தில் நிற்கணும்.

மார்ஜினையும் மார்க்கப்பையும் (அசலின் மேல் ஏற்றுவது) குழப்பிக்கொள்ளக் கூடாது. 500க்கு வாங்கி 900க்கு விற்றால் மார்க்கப் 80%, மார்ஜின் 44%. வரம்புக் கணக்கில் 80-ஐப் போட்டால் கொள்முதல் மொத்தமும் தப்பாகிவிடும்.

5 லட்சத்தையும் ஒரே தடவையில் இறக்காதீங்க. ஓடும் என்று தெரிந்த சரக்குக்கு 3 லட்சம், புது ட்ரெண்டுக்கு 1 லட்சம், மீதி 1 லட்சத்தை அக்டோபர் மூன்றாம் வாரம்வரை தொடவே கூடாது. எது ஓடியதோ அதை ரிப்பீட் எடுக்க அந்தக் காசு. ரொக்கம் இல்லாமல் போவதால்தான் நல்லா ஓடுற டிசைன் பாதி சீசனில் தீர்ந்து, ஓடாதது மட்டும் ராக்கில் தொங்குகிறது.

எங்கே வாங்குவது என்பதற்கு, திரும்பக் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று பாருங்க. ஈரோடு, சென்னை கோடவுன் தெரு சரக்கு ஓரிரு நாளில் கடைக்கு வந்துவிடும். பாதி எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஜெய்ப்பூர், சூரத் ரெடி ஸ்டாக்காக இருந்தாலும் லாரியில் வர ஒரு வாரம், பத்து நாள். அக்டோபர் 11 முதல் 20 வரை நவராத்திரி. அந்த நேரத்தில் அங்கே வடக்கு ஆர்டருக்குத்தான் முதலிடம், நம்ம பார்சல் பின்னால் போகும். அதனால் அங்கிருந்து எடுப்பதைச் செப்டம்பர் 20க்குள் முடிவான எண்ணிக்கையில் எடுத்துடுங்க. தீபாவளி முடிந்ததும் சூரத் மார்க்கெட் சில நாள் மூடிவிடும், மில்கள் ஓட இன்னும் தாமதமாகும். பொங்கலுக்கு அங்கிருந்து வேணும் என்றால் அதையும் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

ட்ரெண்ட் சரக்கைச் சின்ன அளவில் சோதிக்கலாம். ஆறு டிசைன், ஒவ்வொன்றிலும் நாலு பீஸ் செட், மொத்தம் 24 பீஸ். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில், முன் ராக்கில் முழு விலைக்குத் தொங்கவிடுங்க. 14 நாளில் பாதிக்கு மேல் போனது ரிப்பீட், நாலில் ஒரு பங்குகூடப் போகாததை விட்டுவிடலாம். தள்ளுபடி நேரத்தில் சோதித்தால் விலைக்காகப் போனதா, டிசைனுக்காகப் போனதா என்று தெரியாது.

இன்னொன்று. நவம்பர் 8 என்றால் சம்பளம் கைக்கு வந்த பிறகு தீபாவளி. கூட்டம் அக்டோபர் 31 சனிக்கிழமையிலிருந்து அடுத்த ஒரு வாரத்தில் மொத்தமாக வரும். அந்த வாரத்தில் ஆர்டர் போட்டு ஒன்றும் வந்து சேராது. சரக்கு 28க்குள் டேக் போட்டு ராக்கில் இருக்கணும்.

ஊசிமுனை

உருப்படி வாரியாகச் சொல்கிறேன், தோழி.

கோ-ஆர்ட் செட். ஒரே துணியில் டாப்பும் பேண்ட்டும் ஜோடியாக வருவது. ட்ரெண்ட் பணத்தில் பெரும்பங்கு இதற்கே. ஆபீஸுக்கும் காலேஜுக்கும் தீபாவளிக்குப் பிறகும் போட முடிவதால் விலை கொடுக்க யோசிப்பதில்லை. 799 முதல் 1,299 வரை உள்ளதை எடுங்கள். டாப் நீளம் முக்கியம்: ரீல்ஸில் ஓடுவது 28 இன்ச், டீச்சர்கள் கேட்பது 34-36. துப்பட்டா இல்லை என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய, 2.25 மீட்டர் மல் காட்டன் துப்பட்டா ஆறு கலரில் தனியாகத் தொங்கவிட்டால் அதுவும் சேர்ந்து விற்கும். வெளிர் நிறப் பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை நிழல் தெரிந்தால் லைனிங் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் கலரே வேண்டாம். இடுப்பில் முழு எலாஸ்டிக்கா, முன்பக்கம் பட்டியா என்றும் பார்க்க வேண்டும். பட்டி வைத்தது அழகு, ஆனால் சைஸ் ஒத்துப்போகாமல் திரும்பி வருவது அதில்தான் அதிகம்.

ஃபர்ஷி சல்வார். தரையைத் தொடும் அகலமான கால், கீழே லேஸ் அல்லது எம்பிராய்டரி பார்டர். 2025-ல் ஈத் நேரத்தில் கிளம்பிய அலை இது. ரெடிமேடில் வருவது உயரமானவர்களுக்கான நீளம். 5 அடி 1 இன்ச் இருப்பவர் போட்டால் பார்டர் தரையில் இழுபடும். கீழே வெட்டவும் முடியாது, லேஸ் போய்விடும். இடுப்புப் பட்டியைப் பிரித்து மேலிருந்து வெட்டி மறுபடி பட்டி வைக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் சேர்த்துவிடுங்கள். நவம்பர் முதல் வாரம் உங்கள் பக்கம் நல்ல மழை நேரம் வேறு. இரண்டு டிசைன், எட்டு பீஸுக்கு மேல் வேண்டாம்.

அஜ்ரக். கட்ச் பகுதியின் அச்சுவேலை, அசல் என்றால் கைக்கட்டையில் அடித்து இயற்கைச் சாயம் ஏற்றியது. சந்தையில் வருவதில் நிறைய ஸ்க்ரீன் பிரிண்ட், டிஜிட்டல் பிரிண்ட். கட்டைகள் சேரும் இடத்தில் கோடு கொஞ்சம் விலகியிருந்தால் கைவேலையாக இருக்க வாய்ப்பு. மீட்டர் மீட்டராக அச்சு பிசகாமல் வந்தால் மெஷின். மெஷின் பிரிண்ட்டை விற்பதில் குற்றமில்லை, டேக்கில் ‘அஜ்ரக் பிரிண்ட்’ என்று எழுதுங்கள், அசல் விலை போடாதீர்கள். மோடல் (ரேயான் வகை மென்மையான துணி) துணியில் வரும் அஜ்ரக் குர்த்தி உடம்போடு ஒட்டி இருந்தால் தையல் ஓரத்தில் நூல் நகர்ந்து வாய் திறக்கும். பக்கத் தையலின் இரு புறமும் கட்டைவிரல் வைத்து அழுத்தி இழுங்கள். தையல் ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம்.

ரேயான் குர்த்தி. ஓடும், இன்னும் ஓடும். 14 கிலோ ரேயானுக்குக் கீழே போகாதீர்கள் (கிலோ என்பது துணியின் கனத்தைச் சொல்லும் வியாபார அளவு). சாம்பிளில் 50 செ.மீ. சதுரம் பேனாவால் குறித்து, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி மறுபடி அளக்கவும். 48.5 வந்தால் 3% சுருக்கம், ஏற்றுக்கொள்ளலாம். 47.5 வந்தால் 5%. 46 இன்ச் குர்த்தி இரண்டு இன்ச்சுக்கு மேல் ஏறிவிடும், அந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மெரூன், நேவி, பாட்டில் க்ரீன் மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஃபாயில் பிரிண்ட் மினுமினுப்பைப் பார்த்து மயங்காதீர்கள், பசையில் ஒட்டியது துவைக்கத் துவைக்க உதிரும்.

லெக்கிங்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். இளம் பெண்கள் அகலப் பேண்டுக்குப் போய்விட்டார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் போகவில்லை. இருக்கும் சரக்கில் கறுப்பு, வெள்ளை, ஸ்கின், மெரூன் குறைந்தால் மட்டும் திருப்பூரிலிருந்து நிரப்புங்கள். இரண்டு பக்கமும் ஜிப் வைத்த ஃபீடிங் குர்த்தி எந்த ரீல்ஸிலும் வராது, ஆனால் வருஷம் முழுக்கப் போகும். பண்டிகைக்கு ஏற்ற துணியில் கிடைத்தால் ஒரு டஜன் எடுங்கள்.

இளம்பிள்ளை_தறி

டிஷ்யூ சேலை பத்தி நான் சொல்றேங்க. தேவை நிஜம். போட்டோவில் பளபளப்பு நல்லா விழும், பட்டை விட எடை குறைவு, விலையும் குறைவு. ஆனா எல்லா டிஷ்யூவும் ஒண்ணு இல்லை. ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) முழுக்க ஜரிகை ஓட்டினது விறைப்பா நிக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் கோடு போகாது, நாளானா அங்கேயே இழை முறியும். ஜரிகையோட மெல்லிய நூலும் கலந்து ஓட்டினது சாஃப்ட் டிஷ்யூ. கொசுவம் நிக்கும், உடம்பில் குத்தாது. சிறுநகரக் கடைக்கு இதுதான் சரிங்க.

வாங்கும்போது சேலையை முழுசா விரிச்சு அளங்க. சேலை 5.5 மீட்டர், ப்ளவுஸ் 80 செ.மீ., மொத்தம் 6.3 மீட்டர் வரணும். விலை குறைச்சுத் தர்ற இடத்தில் ப்ளவுஸ் 70 செ.மீட்டரா இருக்கும், பெரிய சைஸுக்குக் கை வராது. முந்தானை ஓரம் முடிச்சுப் போட்டிருக்கா, ஃபால் வைக்கிற ஓரத்தில் இழை பிரியுதான்னும் பாருங்க. டிஷ்யூ ப்ளவுஸ் துணியை லைனிங் இல்லாம தைச்சா தையலில் கிழியும், அதை விற்கும்போதே சொல்லிடுங்க.

கடையில் டிஷ்யூவை அடுக்கி மேல பாரம் வைக்கக் கூடாது. மாசம் ஒரு தடவை மடிப்பை மாத்திப் போடணும், இல்லாட்டி உருளையில் சுத்தி வையுங்க. டிஸ்ப்ளேவில் ஒரே சேலையை வாரக்கணக்கா கட்டி வெச்சா அது பிறகு விலை போகாது.

நிறத்தில் ஒண்ணு. வருஷா வருஷம் ஒரு நிறத்தை அறிவிக்கிற பான்டோன் நிறுவனம் 2026க்குச் சொன்ன நிறம் க்ளவுட் டான்சர், அதாவது வெள்ளை. அதைப் பார்த்து வெள்ளைக் குர்த்தி நிறைய எடுத்தா தீபாவளிக்கு இந்தப் பக்கம் கைப்படாம கிடக்கும். ஆனா அதே குடும்பத்து நிறமான ஐவரி, சந்தனம், தங்க ஜரிகையோட டிஷ்யூவில் வந்தா எடுக்கிறாங்க. பத்துச் சேலையில் மூணு அப்படி, மீதி மெஜந்தா, ராமர் பச்சை, ஒயின்.

பட்டுக்கோட்டை_பொட்டிக்

எல்லோருக்கும் நன்றி. ஃபர்ஷி செட் ஒன்றுக்கு 2,799 டேக் போட நினைத்தேன், அது சரிவருமா? எம் சைஸுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

கணக்கு_நோட்டு

2,799 வேண்டாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேடு உருப்படி வரி சேர்க்காத விலை 2,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18% வரி. வரி சேர்த்து 2,625 டேக் போட்டால் உங்களுக்கு நிற்பது 2,500. 18%-ல் அதே 2,500 நிற்க 2,950 டேக் போடணும். இரண்டுக்கும் நடுவில் எந்த விலை வைத்தாலும் வாடிக்கையாளர் அதிகம் கொடுப்பார், உங்களுக்குக் குறைவாக நிற்கும். 2,799-ஐ 1.18 ஆல் வகுத்தால் 2,372தான். ஒன்று 2,599-க்கு இறங்குங்க, இல்லை 2,999-க்குப் போங்க. உங்க ஊரில் 2,599 போகும்.

சேலைக்கு இந்த வரம்பு கிடையாது, எந்த விலையானாலும் 5%. தைக்காத சுடிதார் மெட்டீரியலும் துணிக் கணக்குதான். அதனால் 3,000க்கு மேல் உள்ள டிசைனைத் தைக்காமல் விற்பது இப்போது லாபம். நீங்க காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான ஜி.எஸ்.டி. திட்டம்) இருந்தால் பில்லில் தனியாக வரி வசூலிக்க முடியாது, வாங்கும்போது கட்டிய வரியும் திரும்பாது. அசலில் சேர்த்தே விலை போடுங்க.

ஊசிமுனை

எம் சைஸ் தேங்குவது செட் பேக்கால். மொத்தக்காரர் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் ஒவ்வொன்று கட்டித் தருவார், இங்கே விற்பது பின்னால் உள்ள மூன்றும். ஒரே டிசைனில் ஆறு பீஸ் எடுப்பதானால் எம் 1, எல் 2, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1 என்று பிரித்துக் கேளுங்கள். ஈரோடு, சென்னையில் பேசினால் தருவார்கள். ஜெய்ப்பூரில் செட்டை உடைக்கமாட்டேன் என்றால் எல் முதல் த்ரீ எக்ஸ்எல் வரை கட்டும் ‘பிக் சைஸ்’ செட் இருக்கிறதா என்று கேட்கவும்.

லேபிளை நம்ப வேண்டாம். டேப்பை எடுத்து, குர்த்தியைத் தட்டையாக விரித்து, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44 வர வேண்டும். இது துணியின் அளவு, எக்ஸ்எல் போடுபவரின் உடம்பளவு 40 இருந்தால்தான் வசதியாக இருக்கும். பிறகு கைச்சுற்று. மார்பு சரியாக இருந்தும் ட்ரையல் ரூமிலிருந்து முகம் சுளித்து வெளியே வருவது பெரும்பாலும் கை இறுக்கத்தால். எக்ஸ்எல்லில் கைச்சுற்று 16 இன்ச்சுக்குக் குறைந்தால் அந்த லாட்டையே தவிருங்கள். அக்குள் தையலுக்குள் அரை இன்ச் துணி விட்டிருந்தால் பிரித்துத் தைக்கலாம், ஓவர்லாக் ஓரத்தோடு வெட்டியிருந்தால் வழியில்லை.

இப்போது கையில் உள்ள எம் சைஸைத் தள்ளுபடிக் கூடையில் போடாமல் முதலில் காலேஜ் கூட்டத்துக்குக் காட்டுங்கள். ப்ளெயின் ரேயான் எம் குர்த்தியை 30 இன்ச்சுக்கு வெட்டி மடித்து, பக்கத்தில் அகலப் பேண்ட்டைத் தொங்கவிட்டால் ஷார்ட் குர்த்தியாகவே போய்விடும். பக்க ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வெட்டுங்கள். வெட்டியபின் ஓப்பன் 6 இன்ச்சாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் பிடித்துத் தூக்கும்.