பெங்குயினாகப் பனித்தீவில் உலாவும் 'கிளப் பெங்குயின்' ஆன்லைன் கேம் ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கீழக்கரைக்காரன்: வெளியே கத்திரி வெயில், பிரவுசிங் சென்டர் திரை முழுக்கப் பனி. சுரங்க வண்டியில் சறுக்கிக் காசு சேர்ப்பேன், பாதியில் கரண்ட் போய்விடும். கடையில் சட்டை வாங்க மெம்பர்ஷிப் வேண்டுமாம். வீட்டில் யாரிடம் கார்டு இருந்தது? என் பெங்குயின் கடைசிவரை இலவசத் தொப்பியோடு சரி. அக்கா மகளுக்குக் காட்ட வேண்டும், இப்போது எங்கே ஆடலாம்?

பாம்பன் காற்று: ஒரிஜினலை 2017 மார்ச்சில் டிஸ்னி மூடிவிட்டது தம்பி. மொபைலுக்கு வந்த 'ஐலண்ட்' 2018 டிசம்பரோடு சரி. அந்த கேம் பிரவுசரில் ஓடத் தேவைப்பட்ட பிளாஷ் மென்பொருளும் 2020 முடிவில் போனது. இப்போது இருப்பதெல்லாம் ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள், எது எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. பிரபலமாக இருந்த 'ரீரிட்டன்' கூட 2022 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே பாஸ்வேர்டு திருட்டும் நடந்தது. பிள்ளைக்குத் தனிப் பாஸ்வேர்டு போடுங்கள், உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம்.

தொண்டி அக்கா: பனிப்பாறையைக் கவிழ்க்க எல்லோரும் ஒரே ஓரமாக நின்று குதிப்போமே! வருடக்கணக்கில் அசையவில்லை. மூடப் போகிற நேரத்தில், கடைசிப் பார்ட்டியில்தான் கவிழ விட்டார்கள். நான் அப்போது காலேஜ் ஹாஸ்டலில், நெட் இல்லை. இன்னும் வயிற்றெரிச்சல்.

கீழக்கரைக்காரன்: நன்றி அண்ணே. அக்கா, சாப்பாடு போடாவிட்டால் கேமில் வளர்க்கும் செல்லப்பிராணி பஃபிள் ஓடிப்போகுமே, உங்களுடையது ஓடியதா? என்னுடையது பரீட்சை நேரத்தில் ஓடியது.

தொண்டி அக்கா: ரெண்டும் ஓடிப்போச்சு!