ஆர்க்டிக் குளிர் வருகிறது என்றால் முதலில் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள்

டாலஸிலிருந்து:

ஆர்க்டிக் குளிர் இறங்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தாலே, பனி எத்தனை அங்குலம் விழும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அதைப் பிறகு கேளுங்கள். உறைநிலைக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருக்கும் என்பதை முதலில் பாருங்கள்.

2020 அக்டோபரில் வெளியான அமெரிக்க அரசின் குளிர்காலக் கணிப்பு, தென் மாநிலங்களில் குளிர் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும் என்றே சொன்னது. லா நினா ஆண்டு, அதாவது பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் ஆண்டு; அப்போது தென் மாநிலங்களில் குளிர் பொதுவாகக் குறையும். அப்படிச் சொன்னதில் குறையில்லை. ஆனால் அது மூன்று மாதச் சராசரி. நடுவில் வரும் ஒரு கொடிய வாரம் அதில் தெரியாது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949க்குப் பிறகு இங்கே அப்படியொரு குளிர் அடித்ததில்லை.

அதற்கு முந்தைய நாள் பின்னிரவில் சுழற்சி முறை மின்வெட்டு என்றார்கள். எங்கள் தெருவில் போன மின்சாரம் சுழன்று திரும்பவே இல்லை. மாநிலமெங்கும் ஏறத்தாழ 45 லட்சம் இணைப்புகள் இருளில் கிடந்தன. டெக்சஸின் மின் கட்டமைப்பு பெரும்பாலும் தனித்து இயங்குவது; பக்கத்து மாநிலங்களிடமிருந்து போதிய மின்சாரம் வாங்க வழியில்லை.

இங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் பரண் வழியாகப் போகிறது. எதிர் வீட்டில் குளிர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் வந்து ஐஸ் இளகிய பிற்பகலில் கூடத்தின் மேற்கூரை உப்பி, நடுவில் கீறல் விட்டு, வெப்பம் காக்கப் பரணில் விரித்திருந்த ரோஜா நிறக் கண்ணாடிப் பஞ்சு தண்ணீரோடு சோபாமேல் கொட்டியது. வயதான தம்பதி. தெருவோர மீட்டர் குழிக்குள் அடைப்பு வால்வு இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் என் மனைவியும் அதைத் திருகி மூடுவதற்குள், தரைவிரிப்பில் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் பொங்கியது.

உங்கள் வீட்டு வால்வை இன்றே தேடி வையுங்கள். உறைபனி இரவில் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களின் திருகை லேசாகத் திறந்து சொட்ட விடுங்கள். ஐஸ் அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே அழுத்தம் ஏறித்தான் வெடிக்கிறது. சொட்டினால் அது இறங்கிவிடும்.

ஹூஸ்டனிலிருந்து:

டாலஸ் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர் காயாதீர்கள். 2021இல் எங்கள் ஊரில் அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பல குடும்பங்களை மருத்துவமனைக்கு அனுப்பியது, உயிர்களையும் பறித்தது. அதற்கு மணமே கிடையாது. நாங்கள் எல்லோரும் ஓர் அறையில் அடைந்து, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, இருந்த போர்வை அத்தனையையும் போர்த்திக்கொண்டு சமாளித்தோம். அந்த வாயு வந்தால் ஒலிக்கும், மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பிறகு வாங்கி மாட்டினேன்.

2025 ஜனவரி 21 அன்று பனி விழுந்தபோது பிள்ளைகள் முற்றத்தில் ஆடித் தீர்த்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம் விழுந்ததும் அன்றுதான். வீட்டில் மின்சாரம் இருந்ததால் அந்தப் பனி எங்களுக்குக் கொண்டாட்டமானது.

சிகாகோவிலிருந்து:

இங்கே 2019 ஜனவரி 30 காலை மைனஸ் 23 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 31 செல்சியஸ். தண்டவாளம் பிரியும் இடங்கள் உறையாமலிருக்க எரிவாயுச் சுடரை எரியவிட்டு ரயிலை ஓட்டினார்கள். அன்று தபால்கூட வரவில்லை. ஆனாலும் எங்கள் வீடுகள் குளிருக்கென்றே கட்டப்பட்டவை. உங்கள் வீடுகள் வெயிலுக்குக் கட்டப்பட்டவை. எங்களுக்குக் காற்றுதான் எதிரி. வெப்பநிலையோடு, காற்று சேரும்போது உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று காட்டும் காற்றுக்குளிர் எண் எவ்வளவு என்றும் பாருங்கள். மைனஸ் 50 பாரன்ஹீட்டை அது தொட்டால், மூடாத தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும். பிள்ளைகளுக்கு விரல் பிரித்த கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு தாங்கும்.