2010 இளையர் ஒலிம்பிக்: ஜாலான் புசாரில் நம் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓவன் ரோட்டுக்காரன்

வீடு மாறுவதற்காக அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பழுப்பு உறையில் நான்கு டிக்கெட்டுகள் கிடைத்தன. எல்லாம் 2010 ஆகஸ்ட் மாதத்தியவை. ஜாலான் புசார் விளையாட்டரங்கம், இளையர் ஒலிம்பிக், ஆண்கள் காற்பந்து. தரையில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து "இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லையா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

சிங்கப்பூர் ஆடிய நான்கு ஆட்டங்களையும் நேரில் பார்த்தவன் நான். உலகத்தின் முதல் இளையர் ஒலிம்பிக் நம் ஊரில் நடந்தது என்பதே இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 2008 பிப்ரவரி 21 அன்று மாஸ்கோவை 53க்கு 44 என்ற வாக்குகளில் முந்தி வாய்ப்பைப் பெற்றோம். பாடாங் திடலில் கூடியிருந்த கூட்டம் அன்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டரை வருடத்தில் எல்லாவற்றையும் தயார் செய்து, 2010 ஆகஸ்ட் 14 முதல் 26 வரை, 26 விளையாட்டுகளில், 200க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தினோம்.

எனக்கு மனத்தில் நின்றது காற்பந்துதான். மொத்தமே ஆறு அணிகள், கண்டத்துக்கு ஒன்று. ஆசியாவின் இடம் நமக்கு. நம் அணியில் எல்லோரும் பதினைந்து வயதுப் பையன்கள், பயிற்றுநர் காதிர் யஹாயா. முதல் ஆட்டத்தில் ஜிம்பாப்வேயை 3-1 என்று வென்றார்கள். அடுத்தது மாண்டநீக்ரோ, 3-2. அதற்குப் பிறகு ஊரே அவர்களைப் பற்றித்தான் பேசியது. காப்பிக்கடையில் எனக்குத் தேநீர் ஆற்றுபவர்கூட "அரையிறுதிக்கு டிக்கெட் இருக்கா?" என்று கேட்டார்.

அப்போது நம் நிலைமை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். காலாங்கின் பழைய தேசிய விளையாட்டரங்கத்தை 2007இல் மூடிவிட்டார்கள். 1994இல் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணக் காற்பந்தை வென்றபோது ரசிகர் கூட்டத்தில் இருந்த என்னைப் போன்றவர்களுக்குத் தொண்டை கிழியக் கத்த ஓர் இடமே இல்லாமல் போயிருந்தது. அதை இந்தப் பையன்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறாயிரம் பேர் உட்காரும் சிறிய அரங்கம்தான். ஆனால் கூரையில் பட்டுத் திரும்பிய அந்தச் சத்தம் ஐம்பதாயிரம் பேருடையது போல இருந்தது.

அரையிறுதியில் ஹைத்தி. 2-0 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் நம் பிள்ளைகள் அந்தச் செயற்கைப் புல்லில் அப்படியே விழுந்து அழுதார்கள். ஒருவன் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு எழவே இல்லை. வெளியே போகக் கிளம்பியவர்கள் பாதிப் படியில் நின்று திரும்பிக் கைதட்ட ஆரம்பித்தோம். அவர்கள் எழுந்து எங்கள் பக்கம் வரும்வரை யாரும் போகவில்லை. எனக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. அன்றுதான் முதல்முறையாக ஒரு தகப்பனைப் போல நெஞ்சு வலித்தது.

அப்புறம் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். மறுபடியும் அதே மாண்டநீக்ரோ, 4-1 என்று வென்றோம். அதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். அரங்கத்தில் இருந்தவர்கள், தொண்டூழியம் செய்தவர்கள், பள்ளியிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள், யாராக இருந்தாலும் சரி.

புதுக்கோட்டைக்காரன்

அண்ணே, நான் அப்போது கட்டுமான வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டிக்கெட்டெல்லாம் எப்படி வாங்குவது என்று தெரியாது. தேக்காவில், அதான் லிட்டில் இந்தியாவில், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வரும்போது அந்தச் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று சத்தம் வந்த பக்கமே நடந்தேன். கிங் ஜார்ஜஸ் அவென்யூவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் நடைவழியில் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மேலே ஏறிவிட்டேன். மைதானத்தில் முக்கால்வாசி தெரிந்தது.

என் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர். நோன்பு மாதம் அது. கையில் ஒரு டப்பா வைத்திருந்தார். நேரம் வந்ததும் டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மைதானத்தைக் காட்டி விரல்களை விரித்து ஏதோ சொன்னார். பதினைந்து என்று புரிந்தது. பையன்களின் வயதைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ஊரில் என் தம்பிக்கும் அப்போது பதினைந்து வயது. அதற்குப் பிறகு நானும் அவரோடு சேர்ந்து "மாரா, மாரா!" என்று கத்தினேன். முன்னேறு என்று அர்த்தமாம், பிறகு தெரிந்துகொண்டேன்.

எந்த ஆட்டம் என்று இப்போது ஞாபகம் இல்லை. சிங்கப்பூர் ஜெயித்தது, அது நிச்சயம். இந்த ஊரில் என்னிடம் வேலைக்கு அப்பாற்பட்டு முதன்முதலில் பேசியவர் அந்தப் பெரியவர்.

உயர்நிலை ஆசிரியை

அந்த வருடம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாட்டை நட்பு நாடாக ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு வனுவாட்டு. முதல் நாள் வகுப்பில் பெயரைச் சொன்னபோது ஒரு மாணவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது. வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் தேடிக் கண்டுபிடித்தோம். அடுத்த சில மாதங்களில் அந்த நாட்டின் மணல் ஓவியத்தை என் மாணவிகள் பழகிக்கொண்டார்கள். விரலை எடுக்காமல் ஒரே கோட்டில் மணலில் வரைவது. நம் வீட்டுச் சிக்குக் கோலத்துக்கு உறவு மாதிரி இருந்தது. ஒரு தமிழ்ப் பிள்ளை தன் பாட்டியைப் பள்ளிக்கே அழைத்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள்.

வனுவாட்டும் காற்பந்து ஆறு அணிகளில் ஒன்று. பிஸ்லாமா மொழியில் "தாங்கியு துமாஸ்" என்றால் மிக்க நன்றி. அதைப் பெரிய அட்டையில் எழுதிக்கொண்டு ஜாலான் புசாருக்குப் போனோம். அவர்கள் அரையிறுதிக்குப் போகவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்த அட்டையைப் பார்த்து மூன்று பையன்கள் ஓடிவந்தார்கள். தங்கள் மொழியை இந்த ஊரில் எழுதியிருக்கிறார்களே என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஒருவன் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். என் மாணவிகள் வீடு போகும் வழியெல்லாம் பேருந்தில் அதைப் பற்றியே பேசினார்கள்.

போட்டிகளுக்கு மாணவர்களை வரிசையாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள் என்று அப்போது பலர் குறை சொன்னார்கள். உண்மைதான், சில இடங்களில் பிள்ளைகள் சலிப்போடு உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். எங்கள் வகுப்புக்கு அப்படி இருக்கவில்லை.

ஜூரோங் தொண்டூழியர்

நான் விளையாட்டாளர் கிராமத்தில் இருந்தேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகள்தான் கிராமம். எனக்கு அப்போது இருபது வயது, உணவுக்கூடத்தில் பணி. ஓவன் ரோட்டு அண்ணன் சொன்ன அரையிறுதிக்கு மறுநாள் நடந்ததை எழுதுகிறேன்.

பெரியவர்களின் ஒலிம்பிக்கில் தோற்றவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். இங்கே அப்படி இல்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் எல்லோரும் கடைசி நாள்வரை தங்க வேண்டும், கலாசார, கல்வி நிகழ்ச்சிகளில் சேர வேண்டும். அதனால் நேற்று உங்களைத் தோற்கடித்தவன் இன்று காலையில் உங்களுக்கு முன்னால் தட்டோடு வரிசையில் நிற்பான்.

அன்று காலை நம் பையன்கள் சிலர் ஒரு மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹைத்திப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி அவர்கள் நாட்டில் நிலநடுக்கம் வந்து தலைநகரமே இடிந்து விழுந்திருந்தது. ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களில் வீட்டையும் சொந்தபந்தத்தையும் இழந்தவர்கள் உண்டு என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். "அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள்" என்றும் சொன்னார்கள்.

ஒரு ஹைத்திப் பையன் நம் மேசைக்கு வந்து தன் யோகரை நீட்டினான். ஞாபகம் இருக்கிறதா, யோகர்? எல்லா விளையாட்டாளர்களுக்கும் கொடுத்த சின்னக் கருவி. இரண்டு பேர் தங்கள் கருவிகளைப் பக்கத்தில் கொண்டுவந்தால் பெயர், முகவரி எல்லாம் மாறிக்கொள்ளும். நம் பையன் ஒருவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு தன் கழுத்துப் பட்டியிலிருந்து அவனும் எடுத்து நீட்டினான். ஐந்து நிமிடத்தில் இரண்டு மேசையும் ஒன்றாகிவிட்டது. பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் அரைகுறை. கையை ஆட்டி, முந்தின நாள் கோல் விழுந்த விதத்தை உப்பு மிளகு டப்பாக்களை நகர்த்தி விளக்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாக்களைத் திருப்பி அடுக்கியது நான்தான், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இறுதியாட்டத்தில் ஹைத்தி பொலிவியாவிடம் 5-0 என்று தோற்றது. கிராமத்துத் தொலைக்காட்சியில் பார்த்த நாங்கள் பாதிப் பேர் அழுதுவிட்டோம்.

பீஷான் அம்மா

எல்லோரும் காற்பந்தையே சொல்கிறீர்கள், நான் மேசைப்பந்தைப் பற்றிச் சொல்கிறேன். என் மகள் அப்போது தொடக்கநிலை நான்கு, பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். உள்ளரங்கத்துக்கு அழைத்துப் போனேன். இசபெல் லீ பெண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்திருந்தார்.

அந்த வருடம் மே மாதம்தான் நம் மகளிர் அணி மாஸ்கோவில் சீனாவையே வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முன்னணி ஆட்டக்காரர்கள் சீனாவில் பிறந்து, அங்கே ஆட்டம் பழகி இங்கே வந்தவர்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மகள் கேட்ட கேள்வி வேறு: "அம்மா, இங்கே பிறந்தால் அவ்வளவு தூரம் போக முடியாதா?" இசபெல் இங்கே பிறந்தவர். இறுதியில் சீனாவின் கு யூடிங்கிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கினார். வீட்டுக்கு வரும் எம்ஆர்டியில் மகள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் ரெய்னர் இங் 50 மீட்டர் மல்லாந்து நீச்சலில் வெள்ளி வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீச்சலை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

டாக்சி அண்ணன்

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது கோபம்தான். முதலில் 104 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொன்ன போட்டிச் செலவு 387 மில்லியனில் போய் நின்றது. சாலையில் போட்டி வாகனங்களுக்குத் தனித் தடம் வேறு. அந்தச் செலவைப் பற்றிய கேள்வி சரியான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் ஓர் இரவு லாவண்டர் பக்கம் ஒரு மலாய்த் தம்பதியை ஏற்றினேன். இரண்டு பேரும் சிவப்புச் சட்டை. அந்த அம்மா அழுதுகொண்டே வந்தார். அரையிறுதி முடிந்து வருகிறார்கள். "எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஆடினான்" என்றார் அவர். "குட்டிப் பையனாக நடைவழியில் பந்தை உதைத்து எங்கள் பூந்தொட்டியை உடைத்தவன்." மீட்டரில் காட்டியதைவிட இரண்டு வெள்ளி குறைத்து வாங்கிக்கொண்டேன்.

பந்து எடுத்துக் கொடுத்தவன்

வெண்கல ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே பந்து எடுத்துக் கொடுக்கும் பையன்களில் நானும் ஒருவன். வயது பதின்மூன்று. ஆடியவர்கள் என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர்கள், ஆனால் எனக்கு அவர்கள் ராட்சதர்கள் மாதிரி தெரிந்தார்கள். கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம் அணித்தலைவர் ஜெஃப்ரி லைட்ஃபுட் முகத்திலும் பருக்கள் இருந்தன.

எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எந்த அணிக்கும் ஒரே வேகத்தில் பந்தைத் தர வேண்டும். கோல் விழும்போதெல்லாம் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான்காவது விழுந்தபோது எனக்குப் பின்னாலிருந்த கூட்டம் காலால் தரையைத் தட்டியது, என் முதுகெலும்பில் அது ஏறியது.

ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாண்டநீக்ரோ ஆட்டக்காரர் ஒருவர் பந்தை எறிவதற்காக என் பக்கம் வந்தார். கண் சிவந்திருந்தது. 4-1இல் எதற்கு அவசரம் என்று நான் மெதுவாகக் கொடுத்திருக்கலாம். சொல்லிக்கொடுத்தபடி வேகமாகத்தான் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு தலையசைத்துவிட்டு ஓடினார். இன்னமும் ஜெயிக்க முடியும் என்பது போல ஓடினார்.

விசில் ஊதியதும் நம் ஆட்கள் எல்லோரும் கூட்டத்தை நோக்கி ஓடினார்கள். அதற்குப் பிறகு நாங்களும் கத்தினோம், யாரும் எங்களைத் திட்டவில்லை.

ஓவன் ரோட்டுக்காரன்

படித்துக்கொண்டே இருந்தேன், இரவு ஒரு மணி ஆகிவிட்டது. பெட்டிகள் அப்படியே இருக்கின்றன.

தொண்டூழியர் தங்கச்சி, உப்பு மிளகு டப்பா விஷயம் இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே. அரையிறுதிக்குப் பிறகு அந்தப் பையன்கள் எப்படித் தூங்கினார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு அவர்கள் மைதானத்துக்குள் நடந்துவந்தபோது முகத்தில் பயம் இல்லை. அதற்குக் காரணம் அந்தக் காலை உணவாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

புதுக்கோட்டைத் தம்பி, இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இந்த ஊரில்தான் என்றால் ஒரு நாள் ஜாலான் புசார் ஆட்டத்துக்கு வாருங்கள். டிக்கெட் நான் எடுக்கிறேன்.

பந்து எடுத்துக் கொடுத்த தம்பிக்கு ஒரு கேள்வி. நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்? நான் ஸ்கோர் பலகைக்கு நேர் எதிரில், மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

பந்து எடுத்துக் கொடுத்தவன்

ஸ்கோர் பலகைக்கு நேர் எதிரில்தான் அண்ணே, மூலைக் கொடிக்குப் பக்கத்தில். எனக்குப் பின்னால் ஒருவர் தமிழில் "அடிடா கண்ணு, அடிடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓவன் ரோட்டுக்காரன்

நான்தான் தம்பி.