7 வாரக் குழந்தைக்கு இடுப்பு ஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

செங்கோட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 7 வாரம், தலைச்சன். வயிற்றில் கடைசிவரை தலை திரும்பாததால் சிசேரியன். என் அக்காவுக்கும் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகி மாவுக்கட்டு போட்டார்கள். இவளுக்கும் அப்படி மூட்டு விலகியிருக்குமோ என்று பயம்; பெண் குழந்தை என்பதையும் சேர்த்தால் அதற்கான ஆபத்துக் காரணிகள் நான்கு.

துணி மாற்றும்போது இடது தொடை முழுதாக விரிய மறுக்கிறது, தொடை மடிப்பும் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. வலி, அழுகை இல்லாததால் வீட்டில் யாரும் நம்பவில்லை. கால் நேராகட்டும் என்று ஆச்சி துணியால் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன் (அதற்கே ஒரு சண்டை). உள்ளூர் டாக்டர் 4 மாதம் ஆனதும் எக்ஸ்ரே எடுக்கலாம் என்கிறார். தென்காசியில் கேட்ட இரண்டு ஸ்கேன் சென்டரிலும் கைக்குழந்தைக்கு எடுப்பதில்லையாம். மூட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி வைக்கும் பெல்ட் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால் காத்திருக்க மனமில்லை.

திருநெல்வேலியிலோ புனலூர், திருவனந்தபுரம் பக்கமோ இந்த அல்ட்ராசவுண்ட் எடுக்கும் இடம் யாருக்காவது தெரியுமா?